கடுகு போற சந்து

போன வருஷம் வைகாசியில ஒரு நாள் காலைல அம்மா வெந்தயக் கொழம்பு வைக்கலாம்னு அஞ்சறைப்பெட்டியத் தொறந்திருக்காங்க. வெந்தயம்னு அள்ளினதுல பாதி கடுகு. நான் ஆபீஸ் கிளம்பிட்டிருந்தேன். "டேய் இங்க வாடா, நீ செஞ்ச பெட்டியில கடுகு நடந்து பக்கத்து வீட்டுக்குப் போயிட்டு இருக்கு"ன்னு கூப்பிட்டாங்க. போய்ப் பாத்தா தடுப்புப் பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவுல ஒரு சந்து. அரை நூல் இருக்கும். தச்சு வேலைல எட்டு நூல் ஒரு இஞ்ச், அப்போ அரை நூல்ங்கிறது ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. பொடிக் கடுகுக்கு அது ராஜபாட்டை.

எனக்கு வந்த கோபம் கடுகு மேல இல்ல, ஏன்னா அந்தப் பெட்டியில நான் அடைக்காத சந்தே கிடையாதுன்னு நினைச்சிட்டிருந்தேன். பெட்டி செய்ய ஆனது ஆறு ஞாயித்துக்கிழமை. அதுல இருந்த ஓட்டை, சந்து, விரிசல் எல்லாத்தயும் அடைக்க ஆனது ஒன்றரை வருஷம். அந்த ஒன்றரை வருஷக் கதைதான் இது, பெட்டி செய்யறது எப்படின்னு யூட்யூப்ல ஆயிரம் பேர் சொல்லித் தராங்க, செஞ்ச பெட்டி கோணலா வந்தா என்ன பண்றதுன்னு சொல்றவங்கதான் கம்மி.

மரத்தோட கதைய முதல்ல சொல்லிடறேன். தானே புயல் ஞாபகம் இருக்கா? 2011 டிசம்பர் 30 காலைல கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறி, பண்ருட்டி பக்கம் பலா, முந்திரின்னு தோப்பு தோப்பா சாய்ச்சுப் போட்டுட்டுப் போச்சு. எங்க தாத்தா வீட்டுக் கொல்லையில நின்ன பலாவும் அதுல ஒண்ணு. சாஞ்ச மரத்த மில்லுல குடுத்துப் பலகையா அறுத்து, பலகைக்குப் பலகை நடுவுல குச்சி வச்சுக் காத்து போற மாதிரி பரண்ல அடுக்கி வச்சாரு தாத்தா, அப்புறம் எல்லாரும் மறந்துட்டோம். ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு வருஷம் காய விடணும்னு ஒரு பொதுக்கணக்கு சொல்வாங்க. எங்க பலகை பத்து வருஷத்துக்கு மேல காஞ்சுது, அதனால மரம் ஈரம்னு நான் சாக்கு சொல்ல முடியாது.

பலா மரத்தோட வைரப்பகுதி, அதாவது நடுவுல இருக்கிற கெட்டிக் கட்டை, புதுசா இழைச்சா மஞ்சளா இருக்கும், அப்படி ஒரு மஞ்சள். இலங்கையிலயும் தாய்லாந்துலயும் புத்த பிக்குகளோட துவராடைக்கு இந்தக் கட்டையச் சீவிக் காய்ச்சித்தான் சாயம் ஏத்துறது வழக்கம். நாளாக நாளாக வெளிச்சம் பட்டு அந்த மஞ்சள் பழுப்பாகிடும். இத எதுக்குச் சொல்றேன்னா, நிறம் மாறுற மரத்துல நிறம் மாறாத எதையாவது வச்சு அடைச்சா இன்னிக்கு சரியாத் தெரியறது ரெண்டு வருஷம் கழிச்சுக் காட்டிக்குடுத்துடும். அப்போ எனக்கு அது தெரியாது.

பன்னெண்டு இஞ்ச் நீளம், ஏழு இஞ்ச் அகலம், உள்ள அஞ்சு அறை, மேல காடியில, அதாவது பலகையில வெட்டின நீளப் பள்ளத்துல, இழுத்து மூடுற மூடி. நாலு மூலையும் டவ்டெயில், அதாவது புறாவால் கூட்டு, பலகை நுனிய புறா வால் மாதிரி விரிச்சு வெட்டி இன்னொரு பலகையில கோக்கிறது. புத்தகத்துல பாக்க ரொம்ப அழகா இருக்கும் அந்தக் கூட்டு, என் கையில வந்தது புறாவால் மாதிரி இல்ல, பூனை கடிச்ச புறாவால் மாதிரி இருந்துச்சு. கோட்டுக்கு வெளிய அறுக்கணும், மிச்சத்த உளியால கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும், அதான் முறை. நான் கோட்டு மேலயே ரம்பத்த வச்சேன், ரம்பத்தோட கனம் அவ்வளவும் சந்தாயிடுச்சு. எண்ணிப் பாத்தேன், நாலு மூலையில பதினாறு சந்து.

இப்போ வெக்கத்த விட்டு ஒண்ணு சொல்லணும். வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சப்போ மிச்சமான வெள்ளை புட்டி, சுவத்துக்குப் பூசுறது, ஒரு டப்பாவுல இருந்துச்சு. வெளிப்பக்கம் வெள்ளையாத் தெரியும், சரி, உள்பக்கம் யார் பாக்கப்போறான்னு உள் மூலைல எல்லாம் அதக் குழைச்சு விரலால தடவி விட்டேன். காஞ்சதும் தேய்ச்சேன், கல்லு மாதிரி இருந்துச்சு, எனக்கு ஒரே பெருமை. அம்மா அஞ்சு அறையயும் நிரப்புனாங்க, கடைசி அறையில மஞ்சத்தூள். ஒரு வாரம் கழிச்சு ஈரத்துணியால அந்த அறையத் தொடச்சவங்க "இது என்னடா ரத்தம்?"னு கத்துனாங்க.

மூலை ரெண்டும் செக்கச்செவேல்னு ஆரத்தித் தட்டு மாதிரி இருந்துச்சு. மாதிரி என்ன, ஆரத்தியேதான். மஞ்சளோட சுண்ணாம்பு சேந்தா சிவக்கும்னு கல்யாண வீட்டுல ஆரத்தி கரைக்கிற எல்லாருக்கும் தெரியும். சுவத்துப் புட்டி வெள்ளை சிமெண்ட்ல செய்யறது, சுண்ணாம்புக் காரம் அதுல இருக்கு, ஈரம் பட்டதும் மஞ்சள் தன் வேலையக் காட்டிடுச்சு. பள்ளிக்கூடத்துல மஞ்சள் தடவின காகிதத்துல சோப்புத் தண்ணி விட்டு செவப்பாக்கிக் காட்டின அதே சோதனைய நான் அம்மாவோட சமையல் சாமான்ல பண்ணி வச்சிருந்தேன். அன்னிக்கு சாயங்காலம் முழுக்க உளியால புட்டியச் சுரண்டினேன். பாதி வந்துச்சு, பாதி மரத்தோட கண்ணறைக்குள்ள, அந்தப் பொடித் துளைங்களுக்குள்ள, போய் உக்காந்துக்கிச்சு.

அந்த வாரம்தான் பெட்டியத் தூக்கிட்டு மாமாகிட்ட போனேன். சொந்த மாமா இல்ல, தாத்தா ஊருல தச்சு வேலை பாக்குற பெரியவர், எழுபத தாண்டினவர், ஊரே அவர மாமான்னுதான் கூப்பிடும். பெட்டியத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. மூலைய நகத்தால கீறி மோந்து பாத்தாரு.

"யாரு மாப்ள மக்கு வச்சது?"

"நான்தான் மாமா."

"அதான் கேட்டேன், மக்கு வச்சது மக்கான்னு."

மரத்துல ஓட்டையும் விரிசலும் அடைக்கிற பூச்சுக்கு மக்குன்னுதான் பேரு. படிப்பு ஏறாத பையனுக்கும் அதே பேரு. ரெண்டும் ஒரே வார்த்தை ஆனது எப்படியோ, என் விஷயத்துல ரொம்பப் பொருத்தமா இருந்துச்சு.

அவர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், ஆனா அதையே அன்னிக்கு நாலு தடவ சொன்னாரு. சந்து எதனால வந்துச்சுன்னு முதல்ல பாரு, அப்புறம் எத வச்சு அடைக்கிறதுன்னு யோசி. உன் ரம்பத்தால வந்த சந்து வேற, பூச்சி போட்ட ஓட்டை வேற, மரம் தானா விட்ட விரிசல் வேற, எல்லாத்துக்கும் ஒரே டப்பாவக் கவுக்காத. கேக்கும்போது இது ஒரு பெரிய விஷயமாவே படல. தலையாட்டிட்டு வந்து மறுபடி தப்புப் பண்ணேன், அது பின்னால வருது.

புறாவால் சந்துக்கு எல்லாரும் சொல்ற வழி மரத்தூளும் வெள்ளைப் பசையும். நானும் வெளிப்பக்கத்துக்கு அதத்தான் முதல்ல பண்ணியிருந்தேன், அதுவும் ரம்பம் போட்டுக் கொட்டின தூள. ரம்பத்தூள் பெருசு பெருசா இருக்கும், பசையில ரவை உப்புமா மாதிரி நிக்கும். உப்புத்தாள் தேச்சு வர்ற மாவுத்தூள்தான் வேணும், அதுவும் அதே பலகையத் தேச்சது. அது கூட பாதிக் கதைதான். பசை மரத்தோட கண்ணறைய மூடிடுது, மேல பாலிஷ் போட்டா சுத்தி இருக்கிற மரம் குடிக்குது, பசை பட்ட இடம் குடிக்க மாட்டேங்குது, தேமல் மாதிரி ஒரு திட்டு. பாலிஷ் போடறதுக்கு முன்னாடி ஸ்பிரிட்ல துணிய நனைச்சு ஒரு தடவ தொடச்சுப் பாத்தா பசை வழிஞ்ச இடமெல்லாம் வெளிறித் தெரியும், அப்பவே சுரண்டிடலாம். எனக்குத் தெரிஞ்சது பாலிஷ் காஞ்சப்புறம். பசையோட தப்பு எதுவும் இல்ல. ரெண்டு மரம் நல்லா ஒட்டி உக்காந்தா அதுக்கு நடுவுல மெல்லிசா நிக்கிறதுக்குத்தான் அது இருக்கு, பள்ளத்த நிரப்புறதுக்கு இல்ல.

பழைய ஆளுங்க வஜ்ஜிரம் வச்சுதான் ஒட்டுவாங்க. மீன் கடை வஞ்சிரம் இல்ல, மாட்டுத் தோலு எலும்பு காய்ச்சி எடுக்கிற பசை. மாமா சின்னப் பையனா இருந்தப்போ வஜ்ஜிரம் காய்ச்சுற நாத்தத்துல சோறு இறங்காதாம். அதுல ஒரு வசதி, சூடும் தண்ணியும் காட்டினா விட்டுக்குடுத்துடும், கூட்டப் பிரிச்சு மறுபடி செய்யலாம். 1959ல பெவிகால் வந்தப்புறம் இந்தியா முழுக்க பட்டறைகள்ல வஜ்ஜிரச் சட்டி கொஞ்சம் கொஞ்சமா இறங்கிடுச்சு. என் கூட்டப் பிரிக்கவே முடியலன்னு மாமா முனகினப்போதான் வஜ்ஜிரத்தோட அருமை எனக்குப் புரிஞ்சுது.

பிரிக்க முடியாததால அவர் சில்லு வச்சாரு. மிச்சமிருந்த பலாத் துண்ட எடுத்து காகிதம் மாதிரி ஒரு சிம்பு அறுத்தாரு, ஒரு பக்கம் மெல்லிசா ஆப்பு மாதிரி. நான் பாத்துட்டு, நாரு நீளமா ஓடுற பக்கத்துலேந்து அறுக்கலாமே, ஈசியா வருமேன்னேன். "புறாவால் வெளிய காட்டுறது எந்த முகம்?"னு கேட்டாரு. யோசிச்சேன், குறுக்குவெட்டு முகம். குறுக்குவெட்டு முகம் எண்ணெயயும் பாலிஷயும் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுற மாதிரி உறிஞ்சும், அதனால கறுப்பா நிக்கும். அங்க போய் நீளவாக்கு சிம்ப வச்சா பாலிஷ் போட்டதும் அது மட்டும் வெளுப்பா ஒரு கோடு. அதனால சில்லும் குறுக்குவெட்டு முகம் வெளிய தெரியிற மாதிரிதான் அறுக்கணும், ஒடிஞ்சு ஒடிஞ்சு போகும், பொறுமையா அறுக்கணும். பசை தொட்டு, கொட்டாப்புளியால, அதான் மரச் சுத்தியால, ரெண்டு தட்டு, இறுகினதும் நிறுத்திடணும், மூணாவது தட்டு தட்டினா கூடு பொளந்துடும். மறுநாள் உளியால மட்டமாச் சீவினா எங்க சந்து இருந்துச்சுன்னு நானே தேட வேண்டியிருந்துச்சு. பதினாறுல அவர் மூணு வச்சுக் காட்டினாரு, மிச்சம் பதிமூணு என் வேலை. என்னுதுல நாலு இப்பவும் தெரியும், எதுன்னு சொல்ல மாட்டேன்.

ஊசிமுனை அளவு சந்துக்கெல்லாம் சில்லு போகாது. அதுக்கு அரக்கு. அரக்குங்கிறது ஒரு பூச்சி புரசு, இலந்தை மாதிரி மரங்கள்ல உக்காந்து கக்குற பிசின், நம்ம நாட்டுல ஜார்க்கண்ட்லதான் நிறைய எடுக்கிறாங்க. சுத்தம் பண்ணின செதில ஸ்பிரிட்ல ஊற வச்சா அதுதான் செல்லாக். மாத்திரைக்கு மேலயும் மிட்டாய்க்கு மேலயும் பளபளப்புக்குப் பூசறதும் இதேதான், அதனால மசாலாப் பெட்டிக்கு எனக்குத் தயக்கமே இல்ல. கெட்டியா ஊறின செல்லாக்ல பலா மாவுத்தூளக் குழைச்சு பல்குச்சியால அழுத்தினேன். பசை மாதிரி இது பாலிஷோட சண்ட போடாது, ஏன்னா பாலிஷும் அதே அரக்குதான். தேங்கா எண்ணெய் தடவினா போதும்னு பெரியம்மா சொன்னாங்க, ஆனா தேங்கா எண்ணெய் காயவே காயாது, பிசுபிசுன்னு நின்னு சிக்கு வாடை அடிக்கும், மசாலாப் பெட்டிக்கு அத விட வேற வினை வேண்டாம்.

அடுத்தது மாவு. சித்திரையில பெட்டிக்குக் கீழ ஷெல்ஃப்ல தினமும் துளி மாவு கெடந்துச்சு, அம்மா ரவை சிந்தியிருக்குன்னு தொடச்சுட்டே இருந்திருக்காங்க. பின்பக்கப் பலகையில ஒரு ஓரம் வைரம் இல்லாம வெள்ளைக்கட்டை வந்திருந்துச்சு, அறுக்கும்போது மனசு வராம விட்ட ஓரம். அதுல ஏழெட்டு ஓட்டை, குண்டூசித் தலை அளவு. உளுக்க ஆரம்பிச்சுடுச்சு. உள்ள பூச்சி உயிரோட இருக்கும்போது ஓட்டைய அடைச்சா அது பக்கத்துல இன்னொரு கதவு போட்டுக்கிட்டு வெளிய வரும், அவ்வளவுதான். சமையல் சாமான்ல மருந்து அடிக்கவும் முடியாது. மியூசியங்கள்ல மரச்சாமான பாலிதீன்ல காத்து போகாம சுத்தி மைனஸ் 20 டிகிரில ஒரு வாரம் வைப்பாங்கன்னு படிச்சிருந்தேன். எங்க தெருமுனை ஐஸ்கிரீம் கடைக்காரர் நண்பர். குச்சி ஐஸுக்கு நடுவுல என் அஞ்சறைப்பெட்டி ஒரு வாரம் படுத்திருந்துச்சு. வெளிய எடுத்தப்புறமும் கவரப் பிரிக்காம ஒரு நாள் விட்டேன், அப்போதான் வேர்க்கிறது கவர் மேல வேர்க்கும், மரம் நனையாது. ஷெல்ஃப்ல ஒரு கறுப்புச் சார்ட் விரிச்சு மேல பெட்டிய வச்சு ஒரு மாசம் பாத்தோம். மாவு விழல.

ஓட்டைய அடைக்க மாமா ஒரு குச்சி குடுத்து விட்டாரு, சாக்பீஸ் நீளம், செம்மண் நிறம். தேன்மெழுகு, நாட்டுமருந்துக் கடையில வாங்கின குங்கிலியம், துளி காவி, மூணயும் பழைய கரண்டியில உருக்கி ஊத்தினது. வெறும் மெழுகு அறுபது சொச்சம் டிகிரில உருகிடும், அடுப்பு ஓரத்துல வச்சா இளகி வழியும், குங்கிலியம் சேந்தா நிக்கும். எங்கயோ கேட்ட பொருளா இருக்கேன்னு யோசிச்சேன், கோயில்ல அஷ்டபந்தனம் இடிக்கிறதப் பாத்தவங்களுக்கு உடனே பிடிபடும். கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, கற்காவி, சுக்கான் தூள், எருமை வெண்ணெய்ன்னு எட்டுப் பொருள இடிச்சு, சாமி சிலைக்கும் பீடத்துக்கும் நடுவுல இருக்கிற சந்துல சாத்துறது. அதுவே பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ எடுத்துட்டுப் புதுசா சாத்தணும். வீணையில மெட்டு 24ம் நிக்கிறது கூட மெழுகும் கரியும் கலந்த கட்டு மேலதான், வீணை உடம்பும் பலா. இத மாமாகிட்ட சொன்னேன். "ஆமா, அதுக்கு இப்ப என்ன?"ன்னாரு.

இப்போ மூடி. இந்த இடத்துலதான் நான் தலையாட்டிட்டு மறந்த பாடம் வருது. அக்னி நட்சத்திரத்துல மூடியோட ஒரு ஓரத்துலேந்து மூணு இஞ்ச் நீளத்துக்கு விரிசல், விசிட்டிங் கார்டு நுழையும். ரெண்டு ட்யூப் கலந்து ஒட்டுற எபாக்சில மரத்தூளக் கலந்து நல்லா இறுக்கமா அடைச்சேன். இது வெள்ளைப் பசை மாதிரி இல்ல, பள்ளத்தயும் தாங்கும், அசையாது, கல்லு. அசையாததுதான் பிரச்சனையே. மரம் நீளவாக்குல அசையறது இல்லன்னே சொல்லலாம், அகலவாக்குல ஆயுசுக்கும் அசையும், மழைக்கு உப்பும் வெயிலுக்குச் சுருங்கும், நம்ம பாத்ரூம் கதவு ஐப்பசியில இறுகி சித்திரையில ஆடற அதே கதை. நான் மரம் நல்லா சுருங்கிக் கெடந்த நேரமாப் பாத்து விரிசல்ல கல்ல அடைச்சிருக்கேன். கார்த்திகை மழைல மரம் உப்பி விரிசல மூடப் பாத்துச்சு, நடுவுல கல்லு. ரெண்டு பக்கமும் நெருக்க, விரிசலோட நுனி கத்தி வச்சுக் கிழிச்ச மாதிரி இன்னும் ஒரு இஞ்ச் உள்ள ஓடிடுச்சு. மூடியும் காடியில இறுகிக்கிச்சு. தாளிக்க எண்ணெய் காஞ்சிட்டிருக்கு, அம்மா பெட்டிய முழங்காலுக்கு நடுவுல இடுக்கி இழுத்துட்டிருக்காங்க, கடுகு உள்ள. எனக்கு நானே வச்சுக்கிட்ட ஆப்புன்னா இதுதான்.

மாமாவுக்கு போன் போட்டேன். திட்டுவாருன்னு பாத்தா சிரிச்சாரு. "விரிசல அடைக்காத மாப்ள, விரிசலயே வெட்டி எடுத்துடு." விரிசல் ஓடின வழியிலயே மூடிய முழுநீளத்துக்கும் ரெண்டா அறுத்தோம், அறுத்த முகம் ரெண்டயும் இழைப்புளியால சீவி மட்டமாக்கி, நல்லா உக்காந்ததும் பசை போட்டு ஒட்டினோம். எபாக்சி மொத்தமும் சீவல்லயே போயிடுச்சு. அறுத்ததுலயும் சீவினதுலயும் மூடி முக்கால் நூல் ஒடுங்கிடுச்சு, ஐயோன்னேன், அதான் வேணும்னாரு. இப்போ காடியில மூடிக்கு ரெண்டு பக்கமும் உப்பிச் சுருங்க இடம் இருக்கு. ஆட்டினா கடகடன்னு சத்தம் வரும், பாக்குறவங்க லூசா இருக்கேம்பாங்க, இருந்துட்டுப் போகட்டும். அடுத்த மழை வந்தா ஒரு விரல்ல தொறக்கலாம்.

அந்தத் தெம்புல இருந்தப்போதான் வைகாசியில கடுகு நடந்துச்சு.

தடுப்புப் பலகையோட உயரம் மரத்தோட அகலவாக்கு. அதுவும் வெயிலுக்குச் சுருங்கியிருக்கு, கொஞ்சம் மரம், கொஞ்சம் என் ரம்பம், ரெண்டும் சேந்து அரை நூல். மக்கு வச்சா மழைக்கு உப்பும்போது அடிப்பலகையத் தள்ளும், அது மட்டும் இப்போ எனக்கு நல்லாப் புரிஞ்சுது. தடுப்பப் புதுசா செய்யலாமா, கீழ ஒரு தோல் பட்டை ஒட்டலாமா, அடிப்பலகையில காடி எடுத்து தடுப்ப அதுல இறக்கலாமான்னு ஒரு வாரம் நோட்டுல படம் போட்டுட்டிருந்தேன். ஞாயித்துக்கிழமை உளி, மூலமட்டம் எல்லாம் எடுத்துட்டுப் போய் பெட்டியத் தொறந்தா அந்தச் சந்துக்கு ஒரு பக்கம் வெந்தயம் இருக்கு, இன்னொரு பக்கம் கடுகக் காணோம், உளுத்தம்பருப்பு இருக்கு. கடுகு அந்தக் கோடி அறையில, மஞ்சத்தூளுக்குப் பக்கத்துல. அந்தத் தடுப்பு கொஞ்சம் இறுக்கம்.

"உளுந்து அந்த ஓட்டையில போகாது, வெந்தயமும் போகாது. அப்பவே மாத்திட்டேன்"னாங்க அம்மா, முருங்கைக்கீரை உருவிக்கிட்டே.